யாழ்ப்பாணத்தில் ஒரு சொகுசுக் காரை இருபது ஆண்டுகள் பேணுவது எப்படி

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வளர்ந்தவர்களுக்கு, ஒரு கார் அறுபது ஆண்டுகள் ஓடும் என்பது வியப்பான செய்தியன்று. 1950களில் இங்கிலாந்தில் தயாரான ஒஸ்ரின் ஏ40 கார்கள் எங்கள் ஊரில் வாடகைக் கார்களாகவும் கலியாணக் கார்களாகவும் இரண்டு தலைமுறைக்கு மேலாக ஓடியிருக்கின்றன. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பெற்றோல் கிடைக்காதபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, நோயாளரை ஆசுபத்திரிக்கும் மணமக்களைக் கோவிலுக்கும் அந்தக் கார்களிலேயே கொண்டு போனார்கள். அவை அவ்வளவு காலம் நின்றுபிடித்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஊர்ப் பட்டறையின் லேத்தில் கடைந்து போட முடியாத சாமான் அவற்றில் மிகக் குறைவு. அத்துடன், அவற்றை வைத்திருந்தவர்கள் எஞ்சின் சத்தத்தில் சிறு மாற்றம் கேட்டாலும் அன்றைக்கே பொனற்றைத் திறந்து பார்த்தார்கள்.

இன்றைய சொகுசுக் காருக்கு முதலாவது வசதி இல்லை. ஒரு பென்ஸ் ஈ-கிளாஸின் கியர்பொக்ஸ் கணினியையோ ஒரு பி.எம்.டபிள்யூவின் மின்சாரத் தண்ணீர்ப் பம்பையோ லேத்தில் கடைய முடியாது. இரண்டாவது பழக்கம் மட்டும் இன்னமும் எங்கள் கையில் இருக்கிறது, அதைப் பற்றியதே இந்தக் கட்டுரை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. நான்கு வருடத்தில் விற்றுவிடலாம் என்று வாங்கியவர்கள் பலருக்கு அந்த இடைவெளியால் பத்து வருடம் வைத்திருக்க நேர்ந்தது. வரி இருக்கும் நிலையில், கையில் உள்ள நல்ல காரை நீண்ட காலம் பேணுவதே பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுபடியாகும் வழி.

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டில் தயாரான ஓர் ஐரோப்பியச் செடான். 2011இல் கொழும்பில் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தேன். இத்தனை ஆண்டுகளில் அது என்னிடம் கேட்ட பழுதுவேலைகளைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், அவற்றில் முக்கால்வாசிக்கும் ஓட்டத்துடன் எந்தத் தொடர்பும் இல்லை. யாழ் நகரத்துக்குள் ஓடும் ஒரு கார் வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடுவதே அரிது. அந்தக் காரின் றபரும் பிளாஸ்ரிக்கும் எண்ணெய்களும் மட்டும், கொழும்பில் நாள்தோறும் ஓடும் காருக்கு ஆவதுபோலவே வயதாகின்றன, உப்புக் காற்றினால் இன்னும் விரைவாகவும் வயதாகின்றன. ஆகையால், மீற்றரைப் பார்த்துச் சேர்விஸ் செய்யும் வழக்கத்தை விட்டு நாட்காட்டியைப் பார்த்துச் செய்யப் பழகுவதே முதல் வேலை. இதற்கு ஒரு சுலபமான ஒழுங்கு உண்டு. காரின் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பதற்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகும் மாதத்தையே காரின் ஆண்டுப் பரிசோதனை மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரிசோதனை அறிக்கைகளையும் எறிய வேண்டாம். பெற்றோல் காரின் அறிக்கையில் காபன்மொனொக்சைட்டின் அளவும் எரியாத ஐதரோகாபனின் அளவும் இருக்கும். ஐந்து வருட அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எஞ்சின் எந்தப் பக்கம் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

எந்தக் காரை வைத்திருப்பது

இன்னும் வாங்காதவர்களுக்காக இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீண்ட காலம் வைத்திருக்க விரும்புபவர், வசதிகள் கூடிய மாதிரியை விட இந்த நாட்டில் அதிகம் ஓடும் மாதிரியைத் தெரிவு செய்வது நல்லது. பத்து வருடத்துக்குப் பின் உங்களுக்குக் கதவுப் பூட்டு ஒன்று தேவைப்படும்போது, அதே மாதிரிக் கார் ஒன்று எங்கேயோ உடைக்கப்பட்டு அதன் சாமான் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். நான்கு அல்லது ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினும் சாதாரண சுருள்வில் சஸ்பென்சனும் உள்ள கார், எட்டுச் சிலிண்டரும் காற்றுச் சஸ்பென்சனும் உள்ள அதே காரை விட நெடுநாள் நிம்மதி தரும். பழைய ஈ-கிளாஸ் வாங்குபவர் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 2002இல் வந்த டபிள்யூ211 வகையின் ஆரம்பக் கார்களில் எஸ்.பி.சி. எனும் மின்னணுப் பிறேக் அமைப்பு உண்டு. பிறேக் மிதிக்கப்படும் தடவைகளை எண்ணி வைத்து, குறித்த எண்ணிக்கை வந்ததும் பம்பை மாற்றச் சொல்லும் அமைப்பு அது. 2006ஆம் ஆண்டு மாற்றியமைத்த பதிப்பில் அது கைவிடப்பட்டது. ரொயோட்டா கிறவுன், லெக்சஸ் போன்றவற்றில் ஹைபிரிட் வாங்கினால், பெரிய பற்றரிக்குக் காற்றுப் போகும் வழியும் அதன் விசிறியும் பின்னிருக்கைப் பக்கம் இருப்பதை அறிந்து, வருடம் ஒருமுறை அங்குள்ள தூசியை எடுக்க வேண்டும். எங்கள் ஊர்ச் செம்மண் தூசி அந்த விசிறியை அடைத்துவிட்டால் பற்றரி சூடேறியே சாகும்.

கிணற்றுத் தண்ணீரும் றேடியேற்றரும்

யாழ் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. எங்கள் கிணறுகளில் ஊறும் நீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே வருகிறது, கரையோரத்தில் அதனுடன் உவரும் சேர்ந்துகொள்கிறது. குடிக்கும்போது நன்றாக இருக்கும் அந்த நீர், எஞ்சினுக்குள் போனால் என்ன செய்யும் என்பதை நான் நேரில் கண்டேன்.

கொழும்பிலிருந்து திரும்பும் வழியில், மாங்குளத்துக்குக் கிட்ட எனது காரின் றேடியேற்றர்க் குழாய் ஒன்று வெடித்தது. வீதியோரப் பட்டறையொன்றில் குழாயை மாற்றி, அருகிலிருந்த கிணற்றுத் தண்ணீரால் நிரப்பி அனுப்பினார்கள். அந்த நேரத்துக்கு அது பெரிய உதவி. ஊருக்கு வந்ததும் அந்தத் தண்ணீரை வடித்து மாற்றியிருக்க வேண்டும், நான் பதினான்கு மாதங்கள் அப்படியே ஓட்டிவிட்டேன். ஒருநாள் வெப்பமுள் ஏறத் தொடங்கியது. வழமையாகப் பார்க்கும் மெக்கானிக், வெப்பத்துக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி என் கையில் வைத்தார். வில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் வெள்ளையாய், நகத்தால் சுரண்டினால் தூளாய் உதிரும் ஒரு படிவு. பித்தளைத் தண்டு அசையவேயில்லை. “ஐயா, உங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள இருக்கிறதுதான் இது,” என்றார் அவர். அதன் பின் தேர்மோஸ்ரற், தண்ணீர்ப் பம், றேடியேற்றர் மூன்றும் மாற வேண்டி வந்தது.

ஆகவே முறை இது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் திரவத்தைக் கார்த் தயாரிப்பாளர் குறித்த தரத்தின்படி வாங்குங்கள். நிறத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், ஒரே நிறத்தில் வேறுவேறு இரசாயனம் உண்டு, இரண்டு வகையைக் கலந்தால் கூழாகிவிடுவதும் உண்டு. செறிந்த கூலன்ற் என்றால் சரிபாதி அளவுக்கு, பற்றரிக்கு விடும் வடித்த நீரைக் கலக்குங்கள். குளிர் இல்லாத நாட்டில் கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது உறைவதைத் தடுப்பதுடன் கொதிநிலையையும் உயர்த்துகிறது, அலுமினியம் அரிக்கப்படாமலும் காக்கிறது, இந்த இரண்டும் எங்களுக்குத்தான் அதிகம் தேவை. எஞ்சின் முற்றாக ஆறிய பின் பழைய திரவத்தை வடித்து, வடித்த நீரால் ஒருமுறை அலசி, புதியதை நிரப்பி, காற்றுக் குமிழிகளை முறைப்படி வெளியேற்றச் சொல்லுங்கள். காரில் எப்போதும் இரண்டு லீற்றர் வடித்த நீர் இருக்கட்டும். வழியில் அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விட நேர்ந்தால், அந்தத் திகதியைக் கொப்பியில் எழுதி அந்த வாரத்துக்குள்ளேயே அலசி மாற்றுங்கள்.

பழைய கார்களில் பித்தளையும் தடித்த றபரும் இருந்த இடங்களில் இப்போது பிளாஸ்ரிக் இருக்கிறது. கூலன்ற் தாங்கி வெள்ளையாக இருந்து மஞ்சளாகி, பின் மண்ணிறமாகும். அதன் ஒட்டுக்கோட்டில் மயிர்க்கோடு போல ஒரு விரிசல் தெரிந்தால், அது நீண்ட தூரப் பயணம் ஒன்றில்தான் வெடிக்கும். எட்டுப் பத்து வருடத்துக்கு ஒருமுறை தாங்கி, மூடி, குழாய்கள், தேர்மோஸ்ரற், தண்ணீர்ப் பம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவது என் முடிவு. ஒவ்வொன்றாக மாற்றினால் கூலிதான் ஐந்து தடவை போகும். மின்சாரத் தண்ணீர்ப் பம் உள்ள பி.எம்.டபிள்யூக்களில் இது இன்னும் அவசியம், ஏனெனில் அந்தப் பம் பெரும்பாலும் முன்னறிவித்தல் இல்லாமலே நின்றுவிடும். கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் றேடியேற்றருக்குள்ளேயே ஓடும் கார்களில், உள்ளே கசிவு ஏற்பட்டால் கூலன்ற் கியர்பொக்ஸுக்குள் போய் அதன் கிளச்சுகளைக் கெடுத்துவிடும். 2000களின் தொடக்கத்துச் சில பென்ஸ் கார்களில் இது நன்கு அறியப்பட்ட குறை. அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர், பழைய றேடியேற்றர் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. ஒரு றேடியேற்றரின் விலையையும் ஒரு கியர்பொக்ஸின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தயக்கம் போய்விடும்.

உப்பு, இலை, மழை

பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய் வந்தாலும், பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குப் போய் வந்தாலும், பருத்தித்துறைக் கரையோரமாகப் போய் வந்தாலும், காரின் அடியில் உப்பு ஒட்டிக்கொள்கிறது. காற்று அடிக்கும் நாளில் வீதியின் இரு பக்கத்துக் கடல்நீரும் தூவானமாய் வரும். அன்று மாலையே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தை அலசிவிட வேண்டும். மேற்கூரை பளபளக்கக் கழுவுவதை விடச் சில்லு வளைவுகளின் உள்மடிப்பு, பம்பர் விளிம்பு, முன் பின் துணைச்சட்டங்கள், பிறேக் குழாய்கள், ஜக்கு வைக்கும் இடங்கள் ஆகியவற்றில் பத்து நிமிடம் தண்ணீர் ஓடுவது மேல். அழுத்தம் குறைந்த குழாய்த் தண்ணீரே போதும். ஏசி கொண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் அழுத்தமான நீரை அடித்தால் அவை மடிந்துவிடும், அதையும் மென்மையாக அலசுங்கள்.

சேர்விஸ் ஸ்ரேசனுக்குக் கொடுப்பவர், அங்குள்ள கிணறு நல்ல தண்ணீரா சவர்த் தண்ணீரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். சவர்த் தண்ணீரால் கழுவுவதை விடக் கழுவாமல் விடுவது நல்லது. நல்ல தண்ணீரானாலும் வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்புப் புள்ளிகள் பெயின்றிலும் கண்ணாடியிலும் பதியும், எனவே நிழலில் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும். மாரியில் தாங்கியில் பிடித்து வைத்த மழைநீர் கடைசி அலசலுக்கு மிகச் சிறந்தது. கழுவிய பின் அடிப்பக்கத்துக்குப் பழைய எஞ்சின் ஒயிலை விசிறிவிடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. அது துருவைத் தடுக்கும் என்பது ஓரளவு உண்மை, ஆனால் அதே எண்ணெய் சஸ்பென்சன் புஷ்களின் றபரை ஊதச் செய்து மென்மையாக்கிக் கெடுக்கிறது. துருத்தடுப்புக்கென்று விற்கும் மெழுகு வகைப் பூச்சை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அடிப்பக்கம் நன்றாகக் காய்ந்திருக்கும் கோடையில் அடிப்பதே முறை.

இன்னொரு எதிரியை யாரும் எதிரியாக நினைப்பதில்லை. எங்கள் வளவுகளில் கார் நிற்பது வேம்புக்குக் கீழே. முன்கண்ணாடிக்கும் பொனற்றுக்கும் இடையில், வைப்பர்களின் அடியில், மழைநீர் வடிவதற்கென ஒரு வாய்க்கால் இருக்கிறது. வேப்பம்பூவும் சிறு இலைகளும் அதற்குள் விழுந்து, தூசியுடன் சேர்ந்து, ஈரப்பட்டுக் களியாகி, வடிகால் துளையை அடைக்கும். ஐப்பசி கார்த்திகை மழை கொட்டும்போது அந்த வாய்க்கால் நிரம்பி, நீர் காருக்குள்ளும், பக்கத்திலுள்ள கணினிப் பெட்டிக்குள்ளும் இறங்கும். பல சொகுசுக் கார்களில் எஞ்சின் கணினியும் பியூஸ் பெட்டியும் இருப்பது சரியாக அந்த மூலையில்தான். முன்னிருக்கைக் கம்பளத்தை அழுத்திப் பார்த்தால் ஈரமாக இருக்கிறது, ஏசியைப் போட்டதும் ஊறல் நாற்றம் வருகிறது என்றால், அது இந்த நோயின் தொடக்கம்.

புரட்டாசி மாதத்தில் ஒரு காலை நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். வைப்பர்களுக்குக் கீழுள்ள பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி, இலைகளைக் கையால் அள்ளி எடுத்து, ஒரு லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது முன்சில்லுக்குப் பின்பக்கமாக உடனே நிலத்தில் விழ வேண்டும். தேங்கி நின்று மெல்ல இறங்கினால் வழி அடைபட்டிருக்கிறது. கூரைக் கண்ணாடி உள்ள கார்களில் அதன் நான்கு மூலைகளிலும் வடிகால் குழாய்கள் உண்டு. அவற்றை இரும்புக் கம்பியால் குத்தவோ கொம்பிறசர் காற்றால் ஊதவோ கூடாது, கூரைக்குள் எங்கோ குழாய் கழன்றுவிட்டால் பிறகு கூரைத் துணியையே இறக்க வேண்டி வரும். மீன்பிடிக்கும் தடித்த நைலோன் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு உருட்டினால் போதும், அது எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

எண்ணெய்கள்

எஞ்சின் ஒயிலைப் பதினையாயிரம் அல்லது இருபத்தையாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற ஐரோப்பியக் கணக்கு, நெடுஞ்சாலையில் ஓடும் கார்களுக்கானது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து யாழ் பஸ் நிலையம் வரைக்கும் போய், நிறுத்தி, திரும்பி வரும் காரில் எஞ்சின் ஒயில் முழுமையாகச் சூடேறுவதே இல்லை, அதற்குள் சேரும் ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகிப் போவதும் இல்லை. வருடம் ஒருமுறை, அல்லது ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை, எது முந்தி வருகிறதோ அப்போது மாற்றுங்கள். போத்தலில் எழுதியிருக்கும் தடிப்பு எண்ணை விட, அந்தக் காருக்குரிய தர அங்கீகாரம் முக்கியம். பென்ஸுக்கு 229.5, பி.எம்.டபிள்யூவுக்கு லோங்லைவ்-01 என்றவாறு கைநூலில் குறிக்கப்பட்டிருக்கும், அது போத்தலின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்க வேண்டும். பெற்றோலின் ஒக்ரேன் எண்ணிலும் அப்படியே: தாங்கி மூடியின் உட்பக்கத்தில் 95 என்று எழுதியிருந்தால் 92 அடித்து மிச்சம்பிடிக்க முனைய வேண்டாம். டீசல் சொகுசுக் கார் வைத்திருப்பவர், மாதம் ஒருமுறையாவது ஏ9 வீதியால் கிளிநொச்சி வரை போய் வருவது நல்லது. அரை மணித்தியாலம் ஒரே சீராக ஓடினால்தான் புகைவடியில் சேரும் கரி எரிந்து தீரும்.

கியர்பொக்ஸ் எண்ணெய் ஆயுட்காலத்துக்குப் போதும் என்று பல கார்களின் கைநூலில் எழுதியிருக்கும். யாருடைய ஆயுட்காலம் என்று அதில் எழுதியிருக்காது. பி.எம்.டபிள்யூ உட்படப் பல கார்களுக்குக் கியர்பொக்ஸ் செய்துகொடுக்கும் ஜேர்மன் நிறுவனமான இசட்.எவ்., 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. நான் ஆறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எண்ணெயுடன் வடியையும் மாற்ற வேண்டும், அந்தக் கியர்பொக்ஸ்களில் பலவற்றில் வடி பிளாஸ்ரிக் தட்டுடன் ஒன்றாகவே வரும். குறித்த வெப்பநிலையில் மட்டம் பார்க்க வேண்டிய வேலை இது, எனவே கணினிக் கருவியில் எண்ணெயின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டு நிரப்பத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, எங்கள் காற்றில் அதற்குக் குறைவில்லை. டொட்-4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த பின் அந்த அளவு 155 பாகை வரை இறங்கலாம். அதனுடன் இன்னொரு தீங்கு, அந்த ஈரம், பிறேக் பிடிக்கையில் சில்லு இறுகிவிடாமல் காக்கும் விலையுயர்ந்த ஏபிஎஸ் பெட்டியின் உட்பகுதியைத் துருப்பிடிக்கச் செய்வது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது இந்த முழுக் கட்டுரையிலும் மிக மலிவான வேலை.

றபரும் ரயரும்

ரயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். பூ தேயாமல் புதிதுபோலத் தோன்றினாலும் ஆறு வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து வருடம் ஆனதை எக்காரணம் கொண்டும் ஓட்டாதிருக்கவும் வேண்டும். புதிதென்று வாங்கும்போதும் அந்த இலக்கத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

காற்றுச் சஸ்பென்சன் உள்ள காருக்கு ஒரு சோதனை உண்டு. இரவில் காரை நிறுத்தியதும், நான்கு சில்லுகளின் நடுவிலிருந்து வளைவின் விளிம்பு வரை நாடாவால் அளந்து எழுதுங்கள், காலையில் கதவைத் திறக்குமுன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால், அந்த மூலையைத் தாங்கும் காற்று றபர்ப் பை வெடிப்பு விட்டிருக்கிறது, சவர்க்காரத் தண்ணீரை அடித்தால் குமிழி காட்டும். அதை அப்படியே விட்டால், பைக்குக் காற்று நிரப்பும் கொம்பிறசர் ஓயாமல் ஓடி எரிந்துவிடும், ஒரு பழுது இரண்டாகும்.

நிற்கும் கார்

லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் உறவினர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மட்டும் ஓடும் கார்கள் எங்கள் ஊரில் நிறைய. பத்து மாதம் மூடி நிற்கும் காரை விட, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணித்தியாலம் ஓடும் காருக்கே ஆயுள் கூட. 2022இல் எரிபொருள் இல்லாமல் என் கார் மூன்று மாதம் நின்றது. மறுபடி கிளப்பியபோது எஞ்சின் நடுங்கியது. காற்றுவடிப் பெட்டியைத் திறந்தால், தும்பும் கிழிந்த கடதாசியும் வைத்து எலி கூடு கட்டியிருந்தது, பக்கத்தில் மூன்று வயர்கள் செம்பு தெரியக் கடிக்கப்பட்டிருந்தன. நிற்கும் காரின் பொனற்றை இரவில் சற்றுத் திறந்து வைப்பது எலிக்குப் பிடிக்காது. தேங்காய், நெல், மாட்டுத்தீவனம் போன்றவற்றைக் கார்க் கொட்டகையில் வைக்காதிருப்பது அதைவிட நல்ல காவல்.

காரை நிறுத்தி வைக்கவே வேண்டும் என்றால் ரயர்க் காற்றைச் சற்றுக் கூட்டி, எரிபொருள் தாங்கியை நிரப்பி, பற்றரிக்குப் பேணும் வகைச் சார்ஜரைக் கொடுத்து, பொறுப்பான ஒருவரிடம் திறப்பைக் கொடுத்துச் செல்லுங்கள். அவர் வந்து ஐந்து நிமிடம் எஞ்சினைக் கிளப்பி நிறுத்துவது பயனற்றது, தீங்கும் கூட. இருபது கிலோமீற்றராவது ஓட்ட வேண்டும், ஏசியையும் போட வேண்டும். ஏசி ஓடும்போதுதான் அதன் எண்ணெய் சுற்றி வந்து சீல்களை நனைக்கும். பற்றரியை ஒரு சிறு மீற்றரால் அளக்கப் பழகுங்கள். இரவு முழுதும் நின்ற பின் 12.6 வோல்ற் இருந்தால் நலம், 12.4க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் பற்றரியோ, காரில் எங்கோ உறங்காமல் இருக்கும் ஒரு கணினியோ காரணம். பற்றரி தளர்ந்தால் சொகுசுக் கார் சம்பந்தமில்லாத பத்து எச்சரிக்கை விளக்குகளைப் போடும். கணினிப் பெட்டியை மாற்றச் சொல்லும் எவரிடமும் முதலில் பற்றரியையும், உடலுடன் இணையும் மண்தொடுப்பு வயர்களின் உப்புப் பச்சையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொப்பி, கருவி, மெக்கானிக்

பழுதுக் குறியீடுகளை வாசிக்கும் சிறு ஓபிடி கருவி ஒன்றை வாங்கி டாஷ்போட் பெட்டியில் வைத்திருங்கள். விளக்கு எரிந்தால், அதை அணைக்குமுன் குறியீட்டையும் திகதியையும் மீற்றர் அளவையும் எழுதுங்கள். அழித்த குறியீட்டுடன் காரணத்தின் தடயமும் அழிந்துபோகிறது, பின்னர் மெக்கானிக் ஊகித்துத்தான் சாமான் மாற்றுவார். இலங்கையில் இந்த வேலை தெரிந்த நல்ல கைகள் பல உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. உங்கள் வகைக் காரில் பழகிய ஒருவரைத் தேடி, கூலியில் பேரம் பேசாமல், ஒரே இடத்திலேயே தொடர்ந்து செய்யுங்கள். பத்து வருடம் ஒரே காரைப் பார்த்தவருக்கு, அது கேட்டுக்குள் நுழையும் சத்தத்திலேயே பாதி விளங்கும்.

சாமான் வாங்கும்போது காரின் அடிச்சட்ட (சசி) எண்ணை முழுமையாகக் கொடுத்து, சரியான பாக இலக்கத்தை எடுத்த பின்பே காசு கொடுங்கள். கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவதும், அதைச் செய்துகொடுத்த உற்பத்தியாளரின் சொந்தப் பெட்டியில் வருவதும் பெரும்பாலும் ஒரே சாமான், விலை மட்டும் வேறு. லெம்போர்டர் நிறுவனத்தின் சஸ்பென்சன் கைகள், சாக்ஸ் அதிர்வுதாங்கிகள், பொஷ் உணரிகள், மான் வடிகள் இவ்வாறானவை. மலிவான போலியை மட்டும் சஸ்பென்சனிலும் பிறேக்கிலும் போட வேண்டாம். வடிகள், பெல்ற், தேர்மோஸ்ரற், ஒரு கூலன்ற் குழாய், இரண்டு பல்பு ஆகியவற்றை வீட்டில் முன்கூட்டியே வைத்திருந்தால், கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் வரும் வரை கார் ஓடாமல் நிற்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றி ஒரு சொல். இந்தக் காரின் விலையே இவ்வளவுதான், இதற்கு இவ்வளவு செலவா என்று கேட்பது பிழையான கணக்கு. பழுதுச் செலவை, இன்னொரு காரை வாங்கினால் ஒரு வருடத்தில் அதற்குப் போகும் தவணையுடனும் காப்புறுதியுடனும் மதிப்பிறக்கத்துடனும் ஒப்பிட வேண்டும். மாதாமாதம் ஒரு தொகையைக் காருக்கென ஒதுக்கி வைத்தால், பெரிய பழுது வரும் மாதத்தில் மலிவு வேலை செய்யும் நெருக்கடி வராது.

எஞ்சினும் கியர்பொக்ஸும் ஏசியும் மாற்றக்கூடியவை. காரைக் கைவிடச் சொல்வது உடற்சட்டத்தின் துரு ஒன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் காரை உயர்த்தி, ஜக்கு வைக்கும் நான்கு இடங்களையும், பின் சஸ்பென்சன் உடலுடன் பூட்டும் இடங்களையும், பிறேக் குழாய்கள் பின்சில்லுக்கு மேல் வளைந்து போகும் இடத்தையும் ரோச்சு வெளிச்சத்தில் பாருங்கள். தடித்த திருப்புளியின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்த தகடு மந்தமாகச் சத்தமிடும். மேல்துரு என்றால் சுரண்டி, துருமாற்றி பூசி, பெயின்ற் அடித்து, மெழுகால் மூடுங்கள். சில்லைத் தாங்கும் இடத்தில் திருப்புளியின் முனை உள்ளே போனால் அந்தக் காரில் ஆட்களை ஏற்றாமல் அன்றைக்கே நிறுத்தி, வெட்டி ஒட்டும் வேலை தெரிந்த ரிங்கரை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள். பூட்டு இடத்தை நல்ல தகட்டில் மறுபடி கட்டலாம் என்று அவர் சொன்னால் செய்யுங்கள், முடியாதென்றால் கழற்றக்கூடிய நல்ல சாமான்களை, அதே மாதிரிக் கார் வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள்.